மூன்றடி

வவுனியாவில் பூட்டிய ஹோட்டலொன்றின்
எட்டடிக் கண்ணாடித் தொட்டியை
கன்ரரில் வைக்கோல் பரப்பி
மாங்குளத்துக்கு ஏற்றி வந்தார் தயாபரன்.
ஆயிரத்து நூறு லீற்றர் பிடிக்கும்.
மீன் இன்னும் வாங்கவில்லை.

நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படம் கீறுகிறவள்.
துருசு, வான், வாய்க்கால்
என்று நாலேகால் மணிவரை.
வீட்டுக்கு வந்தாலும் அதே தொழில்.
தொட்டி மூலையில் பல்லு வெட்டிய கண்ணாடி, அது வான்.
பின்னால் இறங்கும் இரண்டங்குலக் குழாய், அது துருசு.
கீழே வடிகட்டித் தொட்டி.
அங்கிருந்து மேலே அனுப்ப ஒரு பம்ப் வேண்டும்.
குளத்துக்கு அந்தச் செலவில்லை.
மாரி ஏற்றிவிடும்.

கிளிநொச்சியில் கடைப் பொடியன் டிலக்சன்
பெட்டியைத் தட்டிக் காட்டினான்.
"பத்தாயிரம் லீற்றர் அக்கா, ஒரு மணித்தியாலத்துக்கு."
பெட்டி சொல்வது
ஏறவேண்டாத தண்ணீரின் கணக்கு.
பின்பக்கத்து வளைகோட்டில் விரலை இறக்கினேன்:
எட்டடி உயரத்தில் பாதிகூட இல்லை.
ஒவ்வொரு எல்போவும் அதிலும் ஒரு வாய் தின்னும்.

"ரிட்டேர்ன் பம்ப், தமிழில என்னண்டு எழுத?"
பில் புத்தகத்தோடு நின்றான்.
மீள் பம்ப் என்று எழுது, என்றேன்.
'மீள்' என்று தொடங்கும் படிவங்கள்
எங்கள் அலுமாரியில் ஒரு கோப்பு நிறையக் கிடக்கின்றன.
ஒன்றிலும் உயரம் கேட்கவில்லை.
பில்லைக் கிழிக்க விடவில்லை. யோசித்து வருகிறேன் என்று வந்துவிட்டேன்.

என் வரைபடத்தில் வடிகட்டித் தொட்டி
தரைக்குக் கீழே, மூன்றடிக் கிடங்கில்.
மேலே மூடி, மூடியின் மேல் பாய்.
சத்தமும் வராது, கண்ணிலும் படாது.
நல்ல படம். எனக்கே பிடித்திருந்தது.
ஞாயிறு காலை மேசன் அருமைத்துரை
அலவாங்கோடு வந்து
சோக்கால் நாலு கோடு போட்டார்.

குழாய் நிறத்திலிருந்து தொட்டிக் கால்வரை
எல்லாவற்றுக்கும் ஓமென்ற மனிசன்
சோக்குக் கோட்டுக்குள் போய் நின்றார்.
"வீட்டுக்குள்ள கிடங்கு வேண்டாம்."

மேசன் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.
"ஓம், வேண்டாம்" என்று
அலவாங்கைச் சாக்கில் சுற்றினார்.
ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை.
தேத்தண்ணி போட்டேன்.
சோக்கை ஈரத்துணியால் துடைத்தவர் அவர்தான்,
இரண்டு தரம்.

இரவு படத்தில் அந்த மூன்றடியை அழித்தேன்.
எட்டு ஐந்தானது.
வளைகோடு ஏறி வந்து என் விரலைத் தொட்டது.
பெரிய பம்ப் இனித் தேவையில்லை.
சிறியது இரண்டு: ஒன்று செத்தாலும்
மற்றது விடியும்வரை மூச்சுக் கொடுக்கும்.

வாய் ஓரங்குலம் என்றாலும் குழாய் ஒன்றரை போட்டேன்.
தொண்ணூறு பாகை எல்போ ஒன்றுக்கு
நாற்பத்தைந்து இரண்டு.
பம்புக்கு மேலே யூனியன், அதற்கும் மேலே வால்வு;
எங்கள் கிணற்றுத் தண்ணி சுண்ணாம்பு,
மாதம் ஒருதரம் கழற்றி வினாகிரியில் ஊறப்போட வேண்டும்.
திரும்பாத வால்வு வாங்கவில்லை.
ஒரு நத்தைக் குஞ்சு போதும்,
அது வாயைத் திறந்தபடி நிற்க.
பதிலாக, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே
குழாயில் ஒரு சிறு துளை:
கரண்ட் போனால் காற்றை உறிஞ்சி
கதையை அங்கேயே நிறுத்தும்.

நிறுத்துமா?
மெயின் சுவிச்சை நானே இறக்கினேன்.
தயாபரன் டோர்ச்சோடு தரையில் குப்புறப் படுத்தார்.
மேலே இருந்த தண்ணீர் இறங்கி வந்தது,
கீழ்த் தொட்டி ஏறியது,
"ஆறு விரல்… அஞ்சு… நாலு…"
துளை ஒருதரம் களுக்கென்றது.
"நாலு விரல். நிண்டிட்டுது."
அவர் எழும்பவில்லை.
இன்னொருக்கா செய் என்றார்.
செய்தேன்.

இப்போது பன்னிரண்டு கப்பி
எட்டடி முழுவதும் தேடி
ஒன்றையொன்று கண்டுபிடிக்கின்றன.
இடப்பக்க யூனியனில் ஒரு துளி
விழுவதா என்று யோசித்தபடி தொங்குகிறது.
டேப் சுற்ற வேண்டும்.
நாளைக்கு.